சுருளியம்மாள் பதித்த தரை

போடிநாயக்கனூரில் வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரைப் பேசி முடித்த கையோடு, காரை யார், சுருளியா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால்தான் நிம்மதியாக எழுந்து போவார்கள். எத்தனையோ பெண்கள் மண்ணும் கல்லும் சுமந்த ஊரில், பேர் சொல்லிக் கேட்கப்பட்ட ஒரே சித்தாள் சுருளியம்மாள்தான். சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு, ஈரச்சாக்கைப் போர்த்தி அவள் குவித்து வைக்கிற காரை, இரண்டு மூன்று நாள் கிடந்து புளித்த பிறகு வெண்ணெயாக வரும். அன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுகிற கொத்தனாரை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள்.

கொஞ்சம் தற்பெருமைக்காரிதான். அதை மறைத்துக்கொண்டு அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. புருஷன் தவசி ஏலக்காய் மூட்டை தூக்குகிறவன், வாய் சும்மா இருக்காதவன். தன் பெண்டாட்டி சோற்றைவிடக் காரையைத்தான் பதமாக இறக்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

உலகச் சண்டையின்போது நின்றுபோன மதுரை ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஏலக்காய் வியாபாரி ஜக்கையன் கடைவீதிக்குப் பின்னால் புதிதாக ஒரு சரக்குக் கிட்டங்கி கட்டினார். குரங்கணிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கும் காயைத் தரையில் கொட்டி, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டும். மண் தரையென்றால் ஈரம் ஏறிக் காயின் பச்சை போய்விடும். சுண்ணாம்புத் தரையென்றால் தூள் கிளம்பும். வெள்ளை படிந்த காயை ஏலத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். ஆகவே பூக்கல் போடுவதென்று முடிவு செய்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்ட சதுரக் கற்கள் வைக்கோலில் பொதிந்து ரயிலில் வந்தன. கூடவே சிமெண்டு மூட்டைகளும் வந்தன. கல்லைச் சிமெண்டில்தான் பதிக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்படி என்று சொல்லவில்லை. விற்றதோடு அவர் சோலி முடிந்தது.

வேலையை எடுத்தவர் காசிமாயன், ஊரில் பெரிய கொத்தனார். தூக்குநூல் இல்லாமலே நேராகச் சுவர் எழுப்புவார் என்று பேர். சிமெண்டில் அவருக்கு அனுபவம் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொள்கிற பழக்கமும் இல்லை. மூட்டையைப் பிரித்து, விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது சுண்ணாம்புக்குத் தம்பி என்று தீர்ப்புச் சொன்னார். மணலோடு கலந்து, தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்கப் புளிக்க வை என்றார்.

சுருளியம்மாளுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. கிடக்கக் கிடக்கத்தானே காரைக்குப் பலம்? சாயங்காலம் கலந்து குவித்து, ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் குவியல் இறுகிக் கிடந்தது. மண்வெட்டியால் கொத்தி உடைத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கை தோல் உரிய உரியப் பதமாக்கிக் கொடுத்தாள். ஆறு நாளும் அப்படித்தான் நடந்தது. காசிமாயன் நூல் பிடித்து வரிசை வரிசையாகக் கல்லைப் பதித்தார். பார்த்தவர்கள் எல்லாம் கல்யாண மண்டபம் தோற்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் முதல் லோடு வந்தது. தவசி ஒரு மூட்டையை இழுத்தான். மூட்டையோடு இரண்டு கல்லும் வந்தன. குனிந்து நெம்பிப் பார்த்தால் அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கல்லின் முதுகில் ஒரு பொட்டு ஒட்டவில்லை. அடியில் இருந்த கலவையை விரலால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது. ஜக்கையன் காசிமாயனைப் பார்த்தார்.

காசிமாயன் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "கல்லு மேல தப்பில்ல. என் வேலையிலயும் தப்பில்ல. கலவை போட்டவ கை சரியில்ல."

தரம் பிரிக்க வந்திருந்த பெண்கள் பன்னிரண்டு பேர் அதைக் கேட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் போடி முழுக்கக் கேட்டுவிட்டது. அடுத்த மாத வேலைக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு கொத்தனார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். சுருளியம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அவளிடம் இருந்ததே அந்தப் பேர் ஒன்றுதான். அது போனால் நாளைக்குக் காளவாசலில் செங்கல் சுமக்கிற நூறு பேரில் அவளும் ஒருத்தி.

கற்களை உடையாமல் பெயர்த்துக் கழுவி அடுக்க வேண்டும், ஆவணியில் காய் மும்முரமாக இறங்குவதற்குள் தரை மறுபடி ஆக வேண்டும் என்று ஜக்கையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயர்க்கிற வேலைக்கு யாரும் கூப்பிடாமலே சுருளியம்மாள் போய் உட்கார்ந்தாள். தன் பேரைக் கெடுத்தது எது என்று கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் முழுக்கக் கற்கள் அப்பளமாகக் கழன்றுகொண்டே வந்தன. வாசல் பக்கம் வந்தபோது ஆறு கல் மட்டும் அசையவில்லை. உளி வைத்து அடித்தாள். கல் உடைந்ததே தவிர ஒட்டு விடவில்லை. எல்லாரும் மிதித்து மிதித்து அமுங்கிவிட்டது என்றார் காசிமாயன். சுருளியம்மாள் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கடைசி நாள் மத்தியானம் பழைய குவியல் தீர்ந்துபோய், ஆறு கல்லுக்குத்தானே என்று அவசரமாக ஒரு சட்டி கலந்து, சூட்டோடு சூடாகக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த ஆறு கல்தான் இது.

வீட்டுக்கு ஒரு முந்தானைச் சிமெண்டும் உடைந்த கல் துண்டுகளும் கொண்டுபோனாள். துவைகல் பக்கத்தில் செங்கற்களை வரிசையாக வைத்து, கலந்த உடனே ஒரு துண்டு, வெயில் உச்சிக்கு வந்ததும் ஒரு துண்டு, மறுநாள் காலையில் ஒரு துண்டு என்று ஒட்டினாள். தண்ணீரில் ஊறிய துண்டு ஒன்று, காய்ந்த துண்டு ஒன்று என்று அதிலும் பிரித்தாள். பொங்கலுக்குப் பானை வைக்கிற மாதிரி வரிசை வைத்திருக்கிறாளே என்று தவசி சிரித்தான். எட்டாம் நாள் அவனையே விட்டுப் பெயர்க்கச் சொன்னாள். மறுநாள் காலையில் ஒட்டியது கையோடு வந்தது. உடனே கலந்து ஊறிய கல்லை ஒட்டியதை அவன் பல்லைக் கடித்து நெம்பியும் அசைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

அந்தச் செங்கற்களைக் கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு கிட்டங்கிக்குப் போனாள். ஜக்கையனும் காசிமாயனும் பேசிக்கொண்டிருந்தார்கள். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மொதலாளி, தப்பு நடந்திருக்கு. ராத்திரி வச்சுப் புளிக்க வச்சவ நான்தான், இல்லைங்கல. ஆனா என் கை கெட்ட கையில்ல. சுண்ணாம்பு கெடந்தா சேரும், சிமெண்டு கெடந்தா செத்துப்போகும். நீங்களே பேத்துப் பாருங்க."

ஜக்கையன் உளியை வாங்கிப் பெயர்த்துப் பார்த்தார். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. பிறகு காசிமாயனிடம், இவள் சொல்கிற மாதிரி சட்டி சட்டியாகக் கலந்து உடனுக்குடன் பதித்துக் கொடுங்கள் என்றார். காசிமாயனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்தைந்து வருஷம் கொத்து வேலை பார்த்தவன் ஒரு சித்தாளின் சட்டிக்குப் பின்னால் ஓட முடியாது என்றார். கையிலிருந்த கொத்துக் கரணையை அவள் காலடியில் வைத்தார்.

"அவ்வளவு தெரிஞ்சவ நீயே பதிச்சுக்க ஆத்தா" என்றார்.

கரணையைச் சித்தாள் தாண்டினாலே திட்டு விழுகிற காலம் அது. எடுத்துப் பிடிப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சுருளியம்மாளுக்குப் பயம் இருந்தது. ஆனாலும் குனிந்து எடுத்தாள். ஜக்கையன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கலவை போட யார் வருவார்கள்? ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை செய்ய ஊரில் ஒரு ஆண் கிடைக்கவில்லை. கடைசியில் தவசிதான் மூட்டை தூக்குவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மண்வெட்டி பிடித்தான். கற்களைத் தொட்டியில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைத்தாள். தரையைக் கழுவி நனைத்து, இத்தனை வருஷம் கொத்தனார்கள் பக்கத்தில் நின்று பார்த்தபடியே நூல் பிடித்தாள். ஒரு சட்டி கலவை, அது தீரும்வரை கல், தீர்ந்த பிறகுதான் அடுத்த சட்டி. ஒருமுறை தவசி சோம்பல்பட்டு மூன்று சட்டிக்கு ஒன்றாகக் கலந்துவிட்டான். மீந்து இறுகியதை அவன் கண் முன்னாலேயே வெளியே கொட்டச் சொன்னாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதல் நாள் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள் நூல் மாறாமல் பூவோடு பூ சேர்ந்து வருவதைப் பார்த்துவிட்டுச் செருப்பை வெளியே கழற்றினார்கள்.

எல்லாம் முடிந்து, ஈர வைக்கோல் பரப்பிப் பத்து நாள் தண்ணீர் காட்டினாள். வைக்கோலை அள்ளிய அன்று காலையில் காசிமாயன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். அடியில் பிடிப்பு இல்லாத கல் தட்டினால் பொள்ளென்று சத்தம் கொடுத்துவிடும். ஒரே ஒரு கல் போதும், அவர் அன்றைக்குச் சொன்னது நிலைத்துவிடும். சுருளியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். தரம் பிரிக்கும் பெண்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நானூற்று இருபது கல். உச்சிவேளையில் கடைசி மூலையைத் தட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒன்றுகூடப் பொள்ளல் இல்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை, பிடிவாதக்காரர், அவ்வளவுதான். அன்றைக்கு யார் யார் முன்னால் பழி சொன்னாரோ, அவர்கள் முன்னாலேயே பேசினார்.

"கை சரியில்லன்னு நான் சொன்னது தப்பு. எங்க வீட்டு முன்கட்டுக்கும் கல்லு போடணும் தாயி. நீதான் வந்து பதிக்கணும்."

சுருளியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு பழைய தற்பெருமை திரும்பிவிட்டது. வருகிறேன், ஆனால் தவசி மூட்டைக்குத் திரும்பிவிட்டான், கலவை போட எனக்கு ஆள் வேண்டும் என்றாள். காசிமாயன் மீசையைத் தடவிக்கொண்டே கிளம்பிப் போனார்.

ஐப்பசியில் அந்த வேலை நடந்தது. காசிமாயன் தன் வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலவை போட்டார். தெருவே நின்று பார்த்தது.

"வெரசா கொண்டாங்கண்ணே, இறுகிரும்" என்று உள்ளேயிருந்து கொத்தனார் சுருளியம்மாள் குரல் கொடுத்தாள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெரசாகவே போனார்.