நாற்பத்தோராவது நகர்த்தல்

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் ராஜாவை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்துகிறார். அடுத்த முறை பழைய கட்டத்துக்கே கொண்டுவந்து வைக்கிறார். எதிரே ஆள் கிடையாது, மடிக்கணினிதான். "அது என்ன வேணா பண்ணட்டும், நாம சும்மா இருப்போம்" என்கிறார்.

வயது ஐம்பத்திரண்டு. கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கி இருபத்தைந்து வருஷமாகிறது. ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவார். வெயில் கொளுத்தினாலும் கையில் குடை. ஓட்டலில் போன தடவை சாப்பிட்டதையே இந்தத் தடவையும் கேட்பார். புதிதாக ஒன்றைச் சொல்லி அது வாயில் வைக்க விளங்காமல் போனால் என்ன செய்வது?

கம்ப்யூட்டரோடு ஜெயிக்க ஆடலாமா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஜெயிக்கப் போனா நம்மள மென்னு துப்பிடும். சிப்பாயெல்லாம் குறுக்க நிறுத்திக் கதவ அடைச்சுடணும். டிரா தானா வரும்."

போன மாதம் மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரோடு அப்படித்தான் ஆடினார். டிரா. ஒரே கைதட்டல். செஸ்ஸில் நான் சுத்த ஞானசூனியம். ஆனாலும் 'இயந்திரத்தைத் தடுத்து நிறுத்திய மனிதர்' என்று தலைப்புப் போட்டு என் பத்திரிகையில் எழுதித் தள்ளினேன்.

என் கண்ணைத் திறந்தவர் அவருடைய தங்கை, கணக்கு டீச்சர். சின்ன வயதில் அண்ணனுக்கு ஈடாக உட்கார்ந்து ஆடியவர். டீ ஆறிய அன்று நான் அவர் வீட்டில் இருக்கும்போதே வந்தவர், அந்த ஆட்டம் எழுதிய தாளை எடுத்து நாற்பத்தோராவது நகர்த்தலைக் காட்டினார். உள்ளே வர வழி தெரியாமல் சுற்றிய இயந்திரம், அந்த இடத்தில் தன் ராஜாவைத் தனியாக விட்டுவிட்டதாம். குதிரையை வெட்டுக்கொடுத்திருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பாராம்.

"உனக்குத் தெரியலயாண்ணா?"

அவர் ஆறிப்போன டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"தெரிஞ்சுது. பதினாறு நிமிஷம் அதையேதான் பாத்துட்டிருந்தேன். அந்தக் கணக்குல ஓட்டையே இல்ல. ஆனா நான் பாக்காத ஒண்ண அது பாத்திருந்தா? அத்தன பேர் முன்னாடி தோக்கணுமேன்னு ராஜாவத் தள்ளி வெச்சுட்டேன்." மடிக்கணினியை மூடிக்கொண்டே, "கை தட்டினாங்க பாரு, அப்பதான் ரொம்ப அசிங்கமா இருந்துது" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தத் தலைப்பைப் போட்ட புண்ணியவான் நான்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை செஸ் சங்கத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். அந்த ஆட்டத்தின் நகர்த்தல்களைப் பெரிய அட்டையில் அச்சடித்து வைத்திருந்தார்கள். இனி இங்கே பழக வருகிறவர்களுக்கு இதுதான் பாடம் என்று செயலாளர் மைக்கில் முழங்கிவிட்டு, கையெழுத்துக்காகத் தடித்த பேனாவை நீட்டினார். முன்வரிசையில் தங்கை தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் பேனாவோடு அட்டைமுன் வெகுநேரம் நின்றார். தப்பான நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். படுமோசம் என்றால் இரண்டு. அவர் குனிந்து நாற்பத்தோராவது வரியைத் தேடிப் பிடித்தார். அதன் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு போட்டு, அங்கேயே கையெழுத்தையும் போட்டார்.