தருவைகுளம்: எதிர்க்கட்சி ஓட்டுகளை இழுத்து வந்த படகு

டெல்லியில் யார் ஆளவேண்டும் என்பதைக் கடற்கரை ஊர் எப்படி முடிவு செய்கிறது என்று பார்க்க ஆசை. அதனால் போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய நாளே தூத்துக்குடி போய்விட்டேன். மறுநாள் காலை அங்கிருந்து வடக்கே தருவைகுளத்துக்கு டவுன் பஸ். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஊர் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடந்தது. வாக்குச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி இரு தரப்பும் மேசை போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் செலின் அக்கா. பக்கத்து வீட்டு அந்தோணி எதிர்க்கட்சி. இரண்டு வாரமாக இருவருக்கும் தெருவில் வாய்ச்சண்டையாம்.

மாலை நாலரை மணிக்கு அந்தோணியின் மனைவி கையில் போனோடு செலினிடம் ஓடிவந்தாள். விடியுமுன் ஃபைபர் படகில் போன அந்தோணியும் கூட்டாளிகள் ஐந்து பேரும் திரும்பும் வழியில் இன்ஜின் நின்று மிதக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆறு மணிக்குள் வராவிட்டால் ஓட்டு போய்விடும். டீசல் நிரப்பித் தயாராக நின்றது செலின் வீட்டுப் படகு மட்டும்தான். செலின் உடனே படகை எடுக்கச் சொல்லிக் கணவருக்குப் போன் போட்டார்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அவர் கட்சிக்காரர் பதறினார்.

"ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு? ஆறும் அவங்க ஓட்டுலா!"

"தெரியும் அண்ணாச்சி. அவன் கடல்ல கெடக்க நாம ஜெயிச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கரைக்குப் போவேன்?"

நானும் கரைக்கு ஓடினேன். மணி ஐந்தே முக்காலுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். ஈரக் கைலியோடு ஆறு பேரும் ஓடி, கேட் மூடுவதற்குள் வரிசையில் நின்றார்கள்.

மை வைத்த விரலோடு வெளியே வந்த அந்தோணி நேரே செலினிடம் போனார்.

"ஒங்க கட்சிக்குப் போடலக்கா."

"நான் கேட்டனாலே? மொதல்ல போய்ச் சோறு தின்னு."

போக நினைப்பவர்களுக்கு: ஊரில் லாட்ஜ் கிடையாது, தூத்துக்குடியில் தங்குங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களாகவே சத்தம் போட்டுச் சொல்வார்கள்.

வாக்கு எண்ணிய அன்று செலின் அக்காவுக்குப் போன் செய்தேன். அவருடைய வாக்குச்சாவடியிலேயே அவர் கட்சி பின்தங்கிவிட்டது.

"வருத்தமாக்கா?"

"இருக்காதா? அழுதுட்டுதான் இருக்கேன். அந்தோணி பொண்டாட்டிதான் காப்பி போட்டுக் கொண்டாந்தா."