பின்னால் ஏறிப் பார்க்காத வண்டி

மாப்புசா சந்தை வாசலில் வாடகை மோட்டார் சைக்கிளோடு நிற்கும் பைலட்டுகள் பதினான்கு பேரும் ஒரே மாதிரி வண்டிதான் வைத்திருந்தார்கள். தாழ்ந்த இருக்கை, கறுப்பு உடம்பு, மஞ்சள் மட்கார்டு. பின்னால் ஒரு ஆளை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படி நின்ற இனாஸ், ஐம்பத்தொன்றாம் வயதில் மலைப்பாதைக்கென்று செய்த உயரமான வண்டி ஒன்றை வாங்கினான்.

சட்டப்படி அதன் மட்கார்டுக்கும் மஞ்சள் அடித்தாயிற்று. மேலே தூக்கி நின்ற அந்த மட்கார்டு அலகு மாதிரி இருந்தது. முதல் நாளே மற்ற பைலட்டுகள் பெயர் வைத்துவிட்டார்கள்.

"கொக்கு வருதுடா, வழிய விடுங்க!" என்றான் பாண்டுரங். "ஏன் இனாஸ், ஏணி தனியா விக்கிறானா, வண்டியோடவே குடுக்கிறானா?"

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாடா உனக்கு?" என்றான் பொஸ்தியாவ்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் இனாஸ். இன்னொருவன் ரசனைக்குக் கணக்குக் கேட்பவர்களிடம் வேறு என்ன சொல்வது? பொறாமை என்று முடிவுசெய்துகொண்டான். அந்த முடிவு அவனுக்கு வசதியாக இருந்தது.

அவனுக்குப் பிடித்திருந்தது என்பது உண்மைதான். அந்த ஊர்ச் சாலைகளின் இரண்டு பக்கமும் செம்பாறை மதில்கள். பழைய வண்டியில் போனவரை அவன் பார்த்ததெல்லாம் அவற்றின் பாசிதான். புதிய வண்டியில் ஏறிய பிறகு மதிலுக்கு அப்பால் தெரிந்தது. யாரோ புளிப்புக்காக உலர்த்திய கோகம் பழத்தோல், கிணற்றடியில் தூங்கும் நாய், சொந்த ஊரில் அவன் பார்த்தேயிராத ஒரு குளம். பள்ளம் விழுந்த மேட்டுச் சாலையில் வண்டி தடதடவென்று ஏறும்போது அவனையறியாமல் சிரித்தான்.

பக்கத்து ஊரான மொய்ராவில் இருந்த பியேதாத் அவனுடைய வெள்ளிக்கிழமைச் சவாரி. பன்றிக்கறியில் மிளகாயும் வினிகரும் சேர்த்து, குடலில் அடைத்துக் கட்டிய சொரீஸ் மாலைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, கவுனை ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து பதினோரு வருடமாகச் சந்தைக்கு வந்தாள். அறுபதை நெருங்கியவள். புது வண்டியோடு அவன் போய் நின்றபோது கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தாள். முதல் முயற்சியில் ஏற முடியவில்லை. இரண்டாவது முறை மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சந்தையில் இறங்கும்போது ஒற்றைக் காலில் பொத்தென்று விழுந்து நின்றாள்.

"ஊரே தெரியுதே இனாஸ்" என்றாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் வந்தாள். மூன்றாவது வாரம் போன் செய்தாள். "முட்டி வலிடா. மழை முடியட்டும். சந்தைக்கு வரல." அவன் நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பயணி ஒருவர் வண்டியில் விட்டுப்போன குடையைக் கொடுப்பதற்காக இனாஸ் சந்தைக்குள் சொரீஸ் வரிசைவரை போனான். அங்கே தன் வழக்கமான இடத்தில் மாலைகளைத் தொங்கவிட்டபடி பியேதாத் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா கூட்டிட்டு வந்தா?"

"பொஸ்தியாவ்."

"எத்தனை வாரமா?"

"அதையெல்லாம் எண்ணாத."

"முட்டி வலின்னு பொய் சொன்னீங்களே?"

"பொய் என்னடா பொய்? வலி நெசம்தான். உன் வண்டியில ஏறுனா வர்ற வலி."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நீ சிரிச்சுக்கிட்டே வந்து நின்னே. பதினோரு வருஷத்துல உன் பல்லை அன்னைக்குத்தான் பார்த்தேன்." வாங்க வந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடையைக் கொடுக்க மறந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே அவன் வரிசைக்குத் திரும்பினான்.

"ஏன்டா சொல்லல?" என்று பொஸ்தியாவைக் கேட்டான்.

"அந்தம்மா சொல்லாதேன்னாங்க. பின்வாசல்ல இறக்கிவிடச் சொன்னாங்க. நாங்களும் சொல்லாம இல்லையே. ஏணி ஏணின்னு தினமும் கத்தினோமே, உன் காதுல விழலையா?"

விழுந்திருந்தது. கேலியை ஒதுக்கும்போது அதற்குள் இருந்த செய்தியையும் சேர்த்து ஒதுக்கியிருந்தான். கடையில் வண்டி வாங்கிய நாளை நினைத்துப் பார்த்தான். முன்னால் உட்கார்ந்தான், கைப்பிடியைப் பிடித்தான், காலூன்றினான். பிழைப்பெல்லாம் பின் இருக்கையில் இருந்தும், ஒரு தடவைகூடப் பின்னால் ஏறிப் பார்க்கவில்லை.

சாவியைப் பொஸ்தியாவிடம் நீட்டினான். "நீ ஓட்டு. நான் பின்னால உட்காரணும். அவங்க மாதிரி, பக்கவாட்டுல."

"கவுன் ஒண்ணு வேணுமா?" என்றான் பாண்டுரங். எல்லோரும் சிரித்தார்கள்.

மீன் சந்தைவரை போய்த் திரும்பினார்கள். ஏறும்போதே இடுப்பில் சுளுக்கியது. வேகத்தடையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் பொஸ்தியாவின் சட்டையைக் கசக்கினான். இறங்கக் காலை நீட்டினால், நிலம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவன் முட்டி நல்ல முட்டி. அதற்கே அப்படி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

வண்டியை விற்கத்தான் நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாங்குகிறவனுக்குக் காட்டக் கழுவித் துடைத்தான். கடைசியாக ஒரு தடவை என்று மேட்டுச் சாலையில் ஏற்றினான். திரும்பி வந்தபோது விற்கும் எண்ணம் போயிருந்தது. விற்றிருந்தால் தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வழி அடைபட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பியேதாத்தை இறக்கிவிட்டு வந்த பொஸ்தியாவ், வழக்கப்படி வரிசையின் கடைசிக்குப் போனான். இத்தனை வாரமும் மொய்ரா போய் வந்ததில் வரிசையில் அவனுடைய காலைச் சவாரி முறை போய்க்கொண்டிருந்தது என்பது இனாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னால் இரண்டாவதாக நின்றிருந்த தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசிக்கு வந்தான்.

"என் இடத்துல போய் நில்லு."

"பாவமன்னிப்பா?" என்றான் பாண்டுரங்.

"போடா. இனிமே வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தான்."

இதனால் எதுவும் சரியாகிவிடவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அன்று மாலை மொய்ரா வழியாக வீட்டுக்குப் போனான். சுற்றுவழி, ஆனால் நல்ல மேடு. மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. ஒரு மதிலுக்கு அப்பால் பியேதாத் வாசற்படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மேடு ஏறும்போது வரும் அந்தச் சிரிப்பு அப்போதும் அவன் முகத்தில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். அவன் சட்டென்று வாயை மூடித் தலையைக் குனிந்தான். அந்த உயரத்தில் குனிந்தாலும் மறைய முடியாது.