ரிட்டர்ன் அத்தான் பாதை போட்ட கதை

எங்கள் அத்தானோடு கடைக்குப் போகக் கூடாது. சீப்பு வாங்கப் போனாலும் பல்லை எண்ணிப் பார்ப்பார். மின்விசிறி தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்த மனிதர். ஒவ்வொரு இறக்கையையும் விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், கடைசியில் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே அவருக்கு வைத்த பெயரே 'ரிட்டர்ன்'. ஓய்வு பெற்ற அன்று பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தையும், மெதுவாக ஓடுகிறது என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். என் அக்காவை மட்டும் எப்படித் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டார் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் தீராத பேச்சு.

அந்த அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடந்தா பத்தாதும்மா. வெளிய நீளமா நடக்கணும். இல்லேன்னா முட்டி மடங்காமலே இறுகிடும். அப்புறம் மறுபடியும் ஆஸ்பத்திரிதான்."

வெளியே எங்கே நடப்பது? கேட்டிலிருந்து கார் வரும் சிமெண்டுத் தரை நொறுங்கிக் கிடந்தது. அதை ஒட்டி வாசலுக்கு வரும் நடைபாதையை மரத்தின் வேர் தூக்கிவிட்டிருந்தது. அக்கா பிடித்து நடக்கும் வாக்கரின் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையில் படுகிற இடம் ஒன்றுகூட இல்லை. கேட்டில் நின்றால் போகிறவர் வருகிறவர் அத்தனை பேரையும் பிடித்து வைத்துப் பேசுகிற என் அக்கா, ஜன்னலோடு நின்றுபோனாள்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா? ஒடச்சிட்டுப் புதுசா போட்டாப் போச்சு" என்றார் அத்தான். நானும் நம்பினேன், பாருங்கள்!

முதலில் கொத்தனார் வந்தார். "பழசு மேலயே கான்கிரீட் போட்டுடலாம் சார். செலவு கம்மி" என்றார்.

"தரை ஒசந்துட்டா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வராதா?" என்று கேட்டார் அத்தான்.

"அப்ப முழுசா ஒடச்சு எடுக்கணும். கீழ மண்ணு வேற எறங்கியிருக்கு. ஜல்லி கொட்டி இடிச்சுத்தான் போடணும். செலவு ரெட்டிப்பாயிடும். அப்புறம் ஒரு வாரமாவது கால் வைக்கக் கூடாது. காரை ஒரு மாசத்துக்கு உள்ள விடக் கூடாது."

"அதுக்குள்ள விரிசல் விட்டா?"

கொத்தனார் வானத்தைப் பார்த்தார். ரிட்டர்ன்.

அடுத்து கல் வியாபாரி பளபளவென்று கிரானைட்டோடு வந்தார். விலையைக் கேட்டதும் எனக்கே மயக்கம் வந்தது. அத்தான் கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, "எங்க, நீங்க நடந்து காட்டுங்க" என்றார். வியாபாரி நடக்கவில்லை, கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருப்பதிலேயே மலிவு, சரளைக்கல். ஆனால் அதில் வாக்கர் புதையும். தார் போட்டால் வெயிலில் இளகும். பேவர் பிளாக் கல் பதிப்பது நல்லது, ஒன்று உடைந்தால் அதை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம், விலையும் நடுத்தரம். "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடுக்கு இருக்கே?" என்றார் அத்தான். அதுவும் ரிட்டர்ன்.

நான் சும்மா இருப்பேனா? "அத்தான், பாதை போடுறவங்க இப்பல்லாம் நம்ம தெருவுக்குள்ள வரவே பயப்படுறாங்களாம்" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "எல்லாத்துலயும் ஒரு மாதிரி போட்டுக் காட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். சொன்னபடியே கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சதுரம் சதுரமாய் ஒவ்வொரு ரகமும் வந்து உட்கார்ந்தது. அக்காவின் முட்டி மட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா போன் பண்ணினார். "உடனே வா. உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சு. வாக்கர் பிடிச்சு நடக்கிறாரு!"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு உள்ளே அத்தான். முட்டி மடங்காதபடி ஒரு காலில் துண்டை இறுக்கிக் கட்டியிருக்கிறார். பாதத்தில் பாதிதான் நுழைகிற அக்காவின் செருப்பு. கையில் அக்காவின் வாக்கர். ஒவ்வொரு சதுரத்திலும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அக்கா மாதிரியே "ஸ்ஸ்" என்று முனகிக்கொண்டு நடக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "வாக்கர எடுத்துட்டுப் போய் எவ்வளவு நேரமாச்சு! நான் பாத்ரூம் போகணும்!"

"இரு, இரு. இன்னும் ஒரே ஒரு தடவ."

"அந்த ஒரே ஒரு தடவையை அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அத்தான் சரளைக்கல்லில் சிக்கிய வாக்கரை இழுத்துக்கொண்டிருந்தார். நான் தற்செயலாக வாசலைப் பார்த்தேன். அக்கா படியில் நின்றாள். சுவரைப் பிடித்தாள், இறங்கினாள், சுவரை விட்டாள். வேர் தூக்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு, நொறுங்கிய தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கோபத்தில் அவளுக்குத் தான் நடப்பதே தெரியவில்லை.

பக்கத்தில் வந்து நின்று, "குடுங்க இப்படி!" என்று கையை நீட்டினாள்.

அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. "அசையாதே! அங்கயே நில்லு!"

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்ற அக்கா, அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அத்தான் வாக்கரை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "கண்ண மூடினா நீ விழறதுதான் தெரியுது. நான் போட்ட பாதையில நீ விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். இத்தனை நாள் அவரைக் கஞ்சன், இழுவை என்றெல்லாம் கிண்டல் பண்ணிய எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாதையே போடலேன்னா நான் உக்காந்தே போயிடுவேன். அது பரவாயில்லையா உங்களுக்கு?" என்றாள் அக்கா. குரலில் கோபம் போயிருந்தது.

அத்தான் துண்டு கட்டிய காலை நீட்டிக்கொண்டு சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டிருந்தது பேவர் பிளாக் சதுரத்தின் மேல். அவள் பாதத்துக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை தட்டினார்.

"இது இருக்கட்டும்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. அக்கா விடுவாளா? "எது? கல்லா, நானா?" என்றாள்.

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அவளிடம் கையை நீட்டினார். "ஆளப் பாரு" என்று அக்கா சிரித்தாள். நான்தான் ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, இவர் துண்டோடும் அவள் முட்டியோடும் நொண்டி நொண்டி அந்த நொறுங்கிய தரையிலேயே வீட்டுக்குள் போனார்கள். வாக்கரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.