அப்பா வாங்கிக் கொடுத்த கத்தி

முந்தைய நாள் பேப்பரைத் தரையில் விரித்து, அதன்மேல் அப்பா கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த அந்தக் காலை இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். செக்யூரிட்டி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அந்தச் சட்டையின் தோள்பட்டையைப் பார்த்தால் எனக்கு அந்த வயதில் போலீஸ்காரரைப் பார்ப்பதுபோலப் பெருமையாக இருக்கும். பேண்ட் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அவிழ்த்தார். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று உள்ளே எல்லாமே மடக்குக் கத்திகள். கைநீட்டி வாங்கப்போன என்னை அம்மா தடுத்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது அவள் நம்பிக்கை. எங்கள் வீட்டில் உப்பு, மிளகாயைக்கூடக் கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். "அதான் கீழ வச்சிக்கினு கீறேன்ல? புடிச்சத அவளே எடுத்துக்கட்டும்" என்றார் அப்பா.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் பையன்கள் எல்லாரிடமும் பேனாக்கத்தி இருந்தது. பென்சில் சீவுவார்கள், மாங்காய் நறுக்குவார்கள், ஒன்றும் இல்லையென்றால் பெஞ்சில் பெயரைச் செதுக்கி அடி வாங்குவார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஷார்ப்னர். அது பென்சிலைச் சீவாது, தின்னும். ஒருநாள் கத்தியைக் கடன் கேட்டதற்கு, "உனக்கு இன்னாத்துக்கு கத்தி? போயி அருவாமணைல குந்து" என்று வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். பொட்டப்பிள்ளைக்குக் கத்தி ஒன்றுதான் குறைச்சலா என்று அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தி, "எம் பொண்ணு எவனுக்குக் கொறஞ்சவ? நான் தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மன்னித்துவிடலாமா என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். மனசு வரவில்லை.

கத்திகளை அவர் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவ்வளவு அக்கறை. அலகு என் ஆள்காட்டி விரலைவிட நீளமாக இருக்கக் கூடாது. மடக்கும் இடம் லொடலொடவென்று இருந்தால் விரல்மேல் விழுந்து மூடிக்கொள்ளும், ரொம்ப இறுக்கமாக இருந்தால் திறக்கும்போது நகம் பிய்யும். முனை ஊசியாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, மூடி, பேப்பர் ஓரத்தைச் சீவிப் பார்த்து, சோடா மூடி திறக்கும் கொக்கி வைத்த பெரிய கத்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சிவப்புப் பிடி போட்ட புதுக்கத்தி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுக்கவில்லை. மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியை எடுத்தேன். பிடி கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. தீட்டித் தீட்டி அலகு மெலிந்திருந்தது. பிடியின் விரிசலில் யாரோ செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கம்பியின் நுனி எங்கே முடிகிறது என்று தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அழகான கட்டு. "அத்த வுடு, பழசு அது" என்றார் அப்பா. எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். அவர் வாசல் வழியாக மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, எடுத்துக்க. கம்பெனில கழிச்சு வுட்டதுதான எல்லாம்" என்று மற்றவற்றை வாரிக் கவரில் போட்டுக்கொண்டார். அவர் ஏன் மாடிப்படியைப் பார்த்தார் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா வேலை பார்த்தது உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில். தொழிற்பேட்டைக்காக எங்கள் நிலம் போனபிறகு கான்ட்ராக்டர் மூலமாகக் கிடைத்த வேலை. உள்ளே போகிறவர்கள் வரிசையில் நின்று இரண்டு கையையும் தூக்க வேண்டும், அப்பா தடவிப் பார்ப்பார். பீடி, தீப்பெட்டி, செல்போன், கத்தி எது இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்கள். வெளியே போகும்போது டோக்கனைக் கொடுத்துப் பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது அந்த வரிசையைப் பார்த்தேன். படித்தவன், படிக்காதவன், ஐ.டி.ஐ. முடித்தவன் எல்லாரும் என் அப்பாவின் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தன் நிலத்துக்குள் போவதற்கே எவனெவனிடமோ கெஞ்சி நின்றவர் அவர். இப்போது அடுத்தவனைக் கை தூக்கச் சொல்லும் இடத்தில் நின்றார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. திரும்பக் கேட்காமல் விட்ட பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவருவதும் பழகிப்போயிற்று.

நிலத்துக்கு வந்த பணத்தில் மாடியில் ஷீட் போட்டு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாம் தெற்கேயிருந்து வந்த பையன்கள். அதில் ஒருவரை நான் மாடி அண்ணன் என்று கூப்பிடுவேன். தென்காசிப் பக்கத்துக்காரர், அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. காலையில் கேட்டில் என் அப்பாவுக்கு முன்னால் கையைத் தூக்குவார். மாலையில் அதே அப்பாவிடம் தண்ணீர் மோட்டார் போடச் சொல்லிக் கேட்பார். இரண்டு இடத்திலும் 'அண்ணாச்சி'தான். என்னைப் பார்த்தால், "என்ன கலெக்டரம்மா, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்பார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கலெக்டரம்மா என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தது சந்தோஷமாக இருந்தது.

கத்தி வந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த அண்ணன் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார். குடத்தை இறக்கி வைத்தார்.

"அந்தக் கத்திய ஒருக்கக் குடு பாப்பா, பாக்கேன்."

அம்மா சொன்னபடி படியில் வைத்தேன். எடுத்தார். மடக்கினார், திறந்தார். கத்தியைப் பார்க்காமலேயே கட்டைவிரலால் திறந்தார். செம்புக் கம்பியைத் தடவிக்கொண்டே, "எங்கன கெடச்சுது?" என்று கேட்டார்.

"எங்க அப்பா குடுத்தாரு. கம்பெனில கழிச்சு வுட்டதாம்."

அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்கய்யா கத்தி மாதிரியே இருக்குல்லா" என்று மட்டும் சொன்னார். அவர்கள் பக்கம் அப்பாவை அய்யா என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய அய்யா இறந்துபோனதும் தெரியும். கத்தியைத் திரும்பப் படியிலேயே வைத்துவிட்டு, கையை வெட்டிக்கொள்ளாதே என்று சொல்லி மேலே போனார்.

அன்று சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் இறங்கி வந்தார். வாசலில் நின்றே பேசினார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. பாப்பா கையில இருக்கது எங்கய்யா கத்தி. வாழை இலை அறுக்க வச்சிருந்தது. அன்னைக்கு பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல பையில கெடந்துட்டு. நீங்கதான் கேட்ல வாங்குனீங்க. திரும்பக் கேட்டப்போ ஆபீசுக்குப் போயிட்டுன்னீங்க. டோக்கன் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. பாப்பாவுக்கு நானே நல்லதா ஒண்ணு வாங்கியாரேன்." சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்துக் காட்டினார்.

ஐயோ தம்பி, தெரியாமல் எடுத்துவந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அண்ணன் அப்படிச் சொல்வதற்கு வழிவிட்டுத்தான் பேசினார். ஆனால் சத்தம் கேட்டு மாடியில் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திருடியவருக்கு வரும் ரோஷத்தைப் போல ஒரு ரோஷம் வேறு யாருக்கும் வராது. "இன்னாடா, என்னத் திருடன்றியா? எவ்வளோ தில்லு இருந்தா எவ் வூட்ல குந்திக்கினு என்னையே கேப்ப? கத்தியில உம் பேரு எழுதிக் கீதா?" என்று கத்தினார். அண்ணன் டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனார். சத்தம் போட்டிருந்தால்கூட அப்பா பயந்திருக்கமாட்டார். டோக்கனைப் பத்திரமாகப் பையில் வைத்ததைப் பார்த்துத்தான் பயந்தார்.

அந்தச் சமயத்தில் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கேட்டுக்கு வெளியே தொழிலாளிகள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கம்பெனியிலும் மேலே இருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட்ட நேரம். அன்றைய ஷிப்டுக்குப் போன அப்பா, இன்ன பையன் கத்தி வைத்துக்கொண்டு திரிகிறான், ஒருமுறை கேட்டிலேயே பிடித்திருக்கிறேன், இப்போது வீட்டுக்கு வந்து மிரட்டுகிறான் என்று ஆபீசில் சொல்லிவிட்டார். பிடித்தது உண்மை, கத்தி உண்மை, வீட்டுக்கு வந்ததும் உண்மை. கான்ட்ராக்ட் ஆளை நிறுத்த இதில் பாதி போதும். மறுநாள் அண்ணன் உள்ளே போகும் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. இதையெல்லாம் எனக்கு ஊரார் யாரும் சொல்லவில்லை. அப்பாவே அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் முந்திக்கினேன். இல்லன்னா எவ் வேலைக்கு ஒல வச்சிருப்பான்." அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் பையோடு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிக்கப் போகிறார் என்று மாடியில் பேசிக்கொண்டது கேட்டிருந்தது. மூச்சு வாங்கியது. அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோய்க் கையிலேயே நீட்டினேன். "இந்தாண்ணா, உன்னுது." அவர் வாங்கவில்லை.

"வேண்டாம் பாப்பா."

"உன்னுதுதான?"

"என்னுதுதான். இப்ப இத வாங்கிட்டுப் போனேன்னா, கத்தியோட போனான்னு ஆயிரும். உங்கப்பா சொன்னது நெசமாயிரும். நான் இன்னொரு கம்பெனி கேட்ல போயி நிக்கணும்லா."

நான் அழுதேன். அவர் என் தலையைத் தொட்டார். ஆட்டோ வந்தது, ஏற்கெனவே நிரம்பியிருந்தது. டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டு உட்கார்ந்துகொண்டு, "ரோட்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றார். தன் அய்யாவின் கத்தி கண்ணெதிரே இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாத நிலையில் ஒரு மனிதனை நிறுத்தியது என் அப்பா. வீட்டுக்கு வந்து, அண்ணன் கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "ம்" என்றார்.

பிறகு நான் அந்தக் கத்தியைத் திறக்கவே இல்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது. கத்தி என்னோடு வீடு வீடாக வந்து இப்போது பீரோவில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அண்ணனின் ஊர்ப்பெயர்கூட எனக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம், அவ்வளவுதான். அப்பா வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். ஷீட் போட்ட அறைகள் போய் மாடிமேல் மாடி எழுந்திருக்கிறது. அம்மா போனபிறகு மாதம் ஒருமுறை நான்தான் போய் மாத்திரை வாங்கி வைத்துவிட்டு வருகிறேன். ஊரில் எல்லாருக்கும் அவர் நல்ல மனிதர். பேத்திமேல் உயிர்.

போன மாதம் போயிருந்தபோது என் மகள் கலர் பென்சில் சீவ ஒரு கத்தி வேண்டும் என்று அவரிடம் கேட்டாள். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "உங்கம்மாவுக்கும் மொத கத்தி நான்தான் வாங்கிக் குடுத்தேன், தெரியுமா? கடையில அத்தினியும் எறக்கிப் போடச் சொல்லி, ஒண்ணொண்ணா தொறந்து பாத்து வாங்கினேன். உனக்கும் தாத்தா வாங்கித் தரேன், வா" என்றார். அவர் பொய் சொல்வதாகவே தெரியவில்லை. அப்படித்தான் நடந்தது என்று இப்போது நம்புகிறார்.

"நீங்க வாங்கல. அது மாடி அண்ணனோட கத்தி" என்றேன்.

யார் என்று யோசிக்கக்கூட இல்லை, உடனே நினைவுக்கு வந்துவிட்டது. கோபமும் படவில்லை. விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "அவனுதா இருந்தா, நீ ரோட்டு வரைக்கும் கொண்டும்போயி நீட்டனப்போ வாங்கியிருக்க மாட்டானா? வாணாம்ட்டுத்தான போனான்? நீதான வந்து சொன்ன?"

அன்று நான் அழுதுகொண்டே வந்து சொன்னதைத்தான் இத்தனை வருடமும் தன் பக்கத்துச் சாட்சியாக வைத்திருக்கிறார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வீட்டில், அவர் முகத்துக்கு நேராகவே, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எழுந்துபோய் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். நானும் குரலைக் கூட்டிச் சொல்லி முடித்தேன். அடுத்த மாதமும் போவேன், மாத்திரை வாங்கி வைப்பேன், அவர் என் அப்பாதான். என் மகளுக்கு மட்டும் அவர் கத்தி வாங்கித் தர வேண்டாம்.