அயோடின் விட்ட சாமைச்சோறு

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வகுப்பில் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தேன். சங்கராபுரத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் பெண்களுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "திங்கட்கிழமை உங்க வீட்டுச் சாப்பாடு கொஞ்சம் கொண்டுவாங்க. அதுல மாவுச்சத்து இருக்கா, புரதம் இருக்கான்னு பார்ப்போம்" என்று சொல்லியனுப்பினேன். ஒரு பிடி சோறு, ஒரு விள்ளல் இட்லி, அவித்த முட்டையில் பாதி என்று பிள்ளைகள் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்கள். விடுதியில் தங்கிப் படித்த கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி மட்டும், ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, ஒரு தூக்குவாளி நிறையச் சாமைச்சோற்றோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம்னா என்னடி அர்த்தம்? ஊருக்கே பந்தி வைக்கப் போறியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

"இல்லீங்க டீச்சர், அம்மா வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாரு." கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று அயோடினை நேராக வாளிக்குள்ளேயே ஊற்றினேன். வெள்ளைச் சோறு நீலக் கறுப்பாக மாறியது. பிள்ளைகள் "ஐயோ!" என்றார்கள். குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்த சங்கிலிதான் மாவுச்சத்து. அந்தச் சங்கிலி சுருண்டிருக்கும், அயோடின் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் இந்த நிறம் என்று பிரமாதமாக விளக்கினேன். செடி எதற்காக அதை விதைக்குள் சேர்த்து வைக்கிறது? முளைத்து வரும் பிள்ளைக்கு, தானே சமைத்துக்கொள்ள இலை வரும்வரை பசியாற வேண்டுமே, அதற்கு. இதையும் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணிடமே, "போய்க் கொட்டிட்டு வா" என்றேன். கொட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் சாதிச் சான்றிதழ் விஷயமாக அவளுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தவர், பள்ளிக்கும் வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சோறு நல்லா இருந்துச்சிங்களா? கீழ இருக்கறவங்க யாரும் எங்க வூட்டுச் சோறு கேட்டதே இல்லீங்க. டீச்சரம்மா கேட்டாங்கன்னு பாப்பா சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வூட்டுல ஆடி விதைப்புக்கு வச்சிருந்த சாமைதான் இருந்துச்சு. அத்தக் குத்தி ஆக்கினேன். அவ்ளோதாங்க இருந்துச்சு, இல்லன்னா இன்னும் ஜாஸ்தியா குடுத்தனுப்பியிருப்பேன்."

விதைக்கு வைத்திருந்ததை! நேராக என் முகத்தைப் பார்த்து, பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

பக்கத்தில் நின்ற மகள் முந்திக்கொண்டாள். "இன்னாம்மா நீ, பூராத்தையும் டீச்சரே சாப்ட்டாங்க. எனக்கு ஒரு வாய்கூட வைக்கல."

அந்த அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வருஷங்கள் எத்தனையோ ஆகிவிட்டன, அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.