ஓய்வு கொடுத்த கிணறுகள்

நகரத்துக்குக் குடிநீர் தந்தவை ஒன்பது ஆழ்துளைக் கிணறுகள். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் தொடங்கி, உள்நாட்டை நோக்கி ஒரே வரிசையாகப் போகும். ஒன்பதுக்கும் மோட்டார் போடுவதும் அணைப்பதும் அவளுடைய வேலை. எல்லோரும் அவளை மோட்டாரம்மா என்றே கூப்பிட்டார்கள். வயர்மேன் படிப்பு முடித்து அவள் வேலைக்கு வந்தபோது, "பொம்பளைக்கு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்ற நாளில் அவரே சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் ஒவ்வொரு குழாயிலும் உள்ளங்கையளவு நீர் பிடித்துக் குடித்துப் பார்ப்பாள். உப்பை அளக்க அலுவலகம் கருவி கொடுத்திருந்தது. நாக்கு அதை முந்திக்கொள்ளும். கடலுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கிணறுகள் ஏற்கெனவே கரித்துப்போய் மூடிக் கிடந்தன. மூன்றாவதும் கரிக்கத் தொடங்கியதும் அவள் பொறியாளரிடம் போய் நின்றாள்.

"சார், அடியில கடல் தண்ணி இருக்கு. அதுக்கு மேல நல்ல தண்ணி மிதக்குது. நாம இப்படி வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா, கீழ இருக்கறது மேல ஏறி வரத்தான் செய்யும். ஒவ்வொரு கிணத்துக்கும் ரெண்டு நாள் ஓய்வு குடுத்து, முறை வெச்சு இழுக்கலாம்."

"ஜனங்க சும்மா விடுவாங்களா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி விடுவோம். திட்டினா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

திட்டத்தான் செய்தார்கள். கடைக்குப் போனால் கடைக்காரர், பஸ்ஸில் ஏறினால் நடத்துநர். எட்டு மாதத்தில் மூன்றாம் கிணற்றில் கரிப்பு குறைந்தது. பொறியாளரே நேரில் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்க நாக்குக்குத் தனியா சம்பளம் போடணும்மா" என்று சிரித்தார். அவள் வேலையில் அதைவிட நல்ல நாள் பிறகு வரவில்லை.

அடுத்த கோடையில், மூன்றாம் கிணறு ஓய்வெடுக்கும் நாளில், நாடாவை உள்ளே விட்டு நீர்மட்டம் பார்த்தாள். ஏறியிருக்க வேண்டிய தண்ணீர் இரண்டு சாண் இறங்கியிருந்தது. நாடா எங்கோ சிக்கியிருக்கும் என்று மறுபடி விட்டாள். அதே இரண்டு சாண். சாவியைப் பூட்டில் தொங்கவிட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வீடு புது ஆழ்துளைக் கிணறு; அதிலிருந்து குழாய்கள் சுவரேறி மொட்டைமாடித் தொட்டிக்குப் போயிருந்தன. அவள் அண்ணனின் சலவைக்கூடத்திலும் ஒன்று இருந்தது.

"எப்போண்ணா போட்டே?"

"போன மாசம். சொன்னா நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன்னு சொல்லலை."

"என் கிணத்துக்குப் பக்கத்துலயே போட்டிருக்கியே!"

"நீ ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி விடறே. ஆஸ்பத்திரி விரிப்பு ஒரு நாள் விட்டு ஒரு நாளா அழுக்காகும்?"

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோனது.

"நீயாவது நிறுத்துண்ணா."

"நான் ஒருத்தன் நிறுத்தினா கடல் திரும்பிப் போயிடுமா?"

அவள் ஓய்வு கொடுத்ததால்தான் குழாய்கள் காய்ந்தன. குழாய்கள் காய்ந்ததால்தான் தெருவெல்லாம் துளை போட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே பொறியாளர் அலுவலகத்துக்கு நடந்தாள்.

பொறியாளர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "தனியார் கிணத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கும்மா. போய் மூட ஆள் இல்லை. மூடினாலும், உங்க அண்ணனுக்கு நாளைக்கு எங்கேருந்து தண்ணி விடப்போறீங்க?"

"அப்போ முறையை விட்டுட்டு எல்லாத்தையும் ஓட்டிடலாமா சார்?"

"ஓட்டினா எத்தனை நாள் தாங்கும்?"

"மூணு வருஷம். இப்படியே போனா அஞ்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சே இருக்கட்டும்."

அஞ்சும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருஷம் முடிவதற்குள் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கிணறுகள் வரிசையாகக் கரித்தன. ஒவ்வொன்றாக மின்சாரத்தைத் துண்டித்து, இரும்பு மூடி போட்டு முடுக்கினாள். அண்ணனின் கிணறும் கரித்தது. அவன் இன்னும் அறுபது அடி இறக்கினான். கடலே நேராக ஏறி வந்தது. சோப்பு நுரைக்கவில்லை, இயந்திரங்கள் துருப்பிடித்தன, ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சலவைக்கூடத்தை மூடிவிட்டு, மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவதென்று அண்ணனும் அண்ணியும் முடிவு செய்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு அவளும் போயிருந்தாள். பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்த அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அன்னிக்கு நீ சொன்னதை நான் கேட்டிருந்தாலும் இதுதானே ஆகியிருக்கும்?"

தெருவில் எல்லோரும் கேட்டிருந்தால் ஆகியிருக்காது. அவன் ஒருவன் மட்டும் கேட்டிருந்தால்?

"இதேதாண்ணா ஆகியிருக்கும்" என்றாள்.

அண்ணன் தலையாட்டினான். அதைக் கேட்டு அவனுக்கு ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.